அரசுப் புள்ளிவிவரங்களை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நானூறு பக்க பிடிஎஃப் ஒன்றை வெப்சைட்டில் ஏற்றிவிட்டு, தரவை வெளியிட்டாகிவிட்டது என்று கணக்கை முடித்துக்கொள்ளும் பழக்கம் பல நாட்டு அலுவலகங்களில் இன்னும் இருக்கிறது. வேண்டிய அட்டவணை நடுவில் எங்கோ ஒரு பக்கத்தில் கிடக்கும். ஓர் ஆய்வு மாணவரோ பத்திரிகையாளரோ உள்ளாட்சி அலுவலரோ அதைத் தேடிப் பிடித்து வரிவரியாகக் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். மக்கள் வரிப்பணத்தில், மக்களிடமே கேள்வி கேட்டுத் திரட்டிய எண்கள் அவை. மக்களால் எடுத்துப் பயன்படுத்த முடியவில்லை என்றால், திரட்டிய உழைப்பில் பாதி வீண்.

இந்த வழிகாட்டி, புள்ளிவிவர அலுவலகத்திலோ ஒரு துறையின் தரவுப் பிரிவிலோ வேலை செய்பவர்களுக்கு. வெளியே இருந்து அவர்களுக்கு உதவும் அமைப்புகளுக்கும் பொருந்தும். தரவு திறந்திருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உங்களை யாரென்றே தெரியாத ஒருவர், உங்களுக்கு ஒரு போன்கூடப் போடாமல் உங்கள் எண்ணை எடுத்து, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று சரியாகப் புரிந்துகொண்டு, தன் வேலைக்குப் பயன்படுத்த முடிகிறதா? கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று சொல்ல வைப்பதற்காகத்தான்.

மேலதிகாரியிடம் பேசப் போகும்போது கையில் இரண்டு ஆதாரங்கள் இருக்கட்டும். முதலாவது, ஐ.நா.வின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்களுக்கான அடிப்படைக் கோட்பாடுகள். மொத்தம் பத்து. ஐ.நா. புள்ளிவிவர ஆணையம் 1994-ல் ஏற்றுக்கொண்டது, 2014 ஜனவரியில் பொதுச்சபையும் ஒப்புதல் தந்தது. குடிமக்களுக்குப் பொதுத் தகவலைப் பெறும் உரிமை உண்டு, அதை மதித்து யாருக்கும் சாயாமல் புள்ளிவிவரங்களைத் தர வேண்டும் என்பது அதில் முதல் கோட்பாடே. இரண்டாவது, 2015 செப்டம்பரில் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்ற நீடித்த வளர்ச்சி இலக்குகள். 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 உள் இலக்குகள். அதில் 17.18 என்ற உள் இலக்கு தரவைப் பற்றியது மட்டுமே. ஆக, நாம் கேட்பது சலுகை கிடையாது, அரசுகளே ஒப்புக்கொண்ட வேலை.

படி 1: எந்த முடிவுக்கு எந்த எண் வேண்டும் என்று கேட்டுவிட்டு வாருங்கள்

பெரும்பாலும் இந்த வேலை போர்டல், அதாவது தரவுக்கான வெப்சைட், கட்டுவதில் தொடங்குகிறது. இலக்குக்கு ஒன்றாக 17 வண்ணங்களில் 17 பெட்டிகள் வரும், திறந்து பார்த்தால் பாதிப் பெட்டியில் ஒன்றும் இருக்காது. இந்த இலக்குகளின் முன்னேற்றத்தை அளக்க உலக அளவில் ஒப்புக்கொண்ட குறியீடுகள், 2020 மறுஆய்வுக்குப் பிறகு, 231 ஆக இருந்தன. அத்தனையையும் ஒரே மூச்சில் நிரப்பப் பார்ப்பதுதான் இதில் மிகப் பெரிய பொறி என்று நினைக்கிறேன். அந்தப் பட்டியல் நாடுகளை ஒப்பிடுவதற்காகச் செய்யப்பட்டது. அதோடு சேர்த்து ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய குறியீடுகளைத் தானே வகுத்துக்கொள்ளலாம் என்றும் அந்தக் கட்டமைப்பிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். கடற்கரையே இல்லாத ஒரு நாடு கடல்வளம் பற்றிய 14-ம் இலக்கில் ஏன் நாள்களைச் செலவழிக்க வேண்டும்?

எனவே முதலில் போய் மனிதர்களிடம் பேசுங்கள். குடிநீர்த் திட்டம் போடும் பொறியாளர், பள்ளிகளுக்கு ஆசிரியர் பணியிடம் ஒதுக்குபவர், தாய்-சேய் நலம் பார்ப்பவர், உள்ளூர்ச் செய்தியாளர், மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் அமைப்பு என்று ஒரு பத்துப் பதினைந்து பேர் போதும். ‘உங்களுக்கு என்ன தரவு வேண்டும்?’ என்று கேட்காதீர்கள். ‘எல்லாம் வேண்டும்’ என்றுதான் பதில் வரும். ‘போன வருடம் எந்த எண் கிடைக்காததால் எந்த வேலை நின்றது, அல்லது உத்தேசமாகச் செய்ய வேண்டியிருந்தது?’ என்று கேளுங்கள். அப்போது உண்மையான தேவை வெளியே வரும். பெரும்பாலானவர்களுக்கு அழகான வரைபடம் வேண்டியிருக்காது. கீழ்மட்டத்துக்குப் பிரித்த எண், அதுவும் சரியான நேரத்தில், அவ்வளவுதான். சிலருக்குக் கொஞ்சம் பழைய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, தங்கள் பகுதிக்கானதாக இருந்தால் சரி.

பேச்சு முடிந்ததும் ஐந்து முதல் பத்துத் தரவுத்தொகுப்புகளைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

படி 2: கைவசம் இருப்பதைக் கணக்கெடுங்கள்

இது சலிப்பான வேலைதான், ஆனால் தாண்டிப் போக முடியாது. எளிய அட்டவணை ஒன்று போடுங்கள்: தரவுத்தொகுப்பின் பெயர், யாரிடம் இருக்கிறது, கணக்கெடுப்பிலிருந்து வந்ததா பதிவேடுகளிலிருந்து வந்ததா, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை, கடைசியாக எந்தக் காலத்துக்கு, எந்த நிலப்பகுதி மட்டம் வரை, எந்த வடிவத்தில் இருக்கிறது, வெளியிட என்ன தடை. இதில் ‘யாரிடம்’ என்ற கட்டத்தில் துறையின் பெயரை மட்டும் எழுதாமல் பொறுப்பில் இருப்பவரின் பதவியையும் எழுதுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து யாரைக் கேட்பது என்றே தெரியாது.

பதிவேட்டுத் தரவைக் குறைவாக எடைபோடாதீர்கள். பிறப்பு-இறப்புப் பதிவு, பள்ளிச் சேர்க்கை, மருத்துவமனைப் பதிவு, வரி, நிலப்பதிவு எல்லாம் வருடம் முழுக்கச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பேறுகால மரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு 70-க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது 2030-க்கான உலக இலக்கு. இவ்வளவு அரிதாக நடக்கும் ஒன்றைச் சில ஆயிரம் வீடுகளில் எடுக்கும் மாதிரி ஆய்வால், அதுவும் மாவட்ட அளவில், வருடா வருடம் அளக்கவே முடியாது. இறப்புப் பதிவும், இறப்புக் காரணத்தை மருத்துவர் சான்றளிப்பதும் சரியாக நடந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும். இதுபோல எந்தக் குறியீட்டுக்கு எந்த மூலம் பொருந்தும், எது பொருந்தாது என்பதையும் இந்தக் கணக்கெடுப்பிலேயே குறித்துவிடுங்கள்.

படி 3: உரிமத்தை எழுத்தில் போடுங்கள்

சின்ன வேலை, பலன் பெரிது. வெப்சைட்டின் அடியில் ‘அனைத்து உரிமைகளும் ஒதுக்கப்பட்டவை’ என்று ஒரு வரி இருந்தால், மேலே நீங்கள் என்ன வெளியிட்டாலும் சட்டப்படி அது திறந்த தரவு கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘சிசி பை 4.0’ போதும். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மற்றபடி யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். அந்தக் கட்டுப்பாடும் வேண்டாம் என்றால் ‘சிசி ஜீரோ’ இருக்கிறது. சொந்தமாக ஓர் உரிமம் எழுதாதீர்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ள ஒவ்வொருவரும் ஒரு வக்கீலைத் தேட வேண்டிவரும்.

‘வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை’ என்று சேர்க்கச் சொல்லி வற்புறுத்துவார்கள். வேண்டாம். விளம்பரம் போடும் செய்தித்தளம் வணிகமா, கட்டணம் வாங்கும் பயிற்சி நிறுவனம் வணிகமா, ஆலோசனைக் கட்டணம் பெறும் ஆய்வாளர் வணிகமா என்று முடிவில்லாத குழப்பம் வரும். பயந்தவர்கள் விலகிப் போவார்கள், அவர்களில் பலர் நீங்கள் சேர வேண்டும் என்று நினைத்தவர்களாகவே இருப்பார்கள். உரிமத்தை வெப்சைட்டில் மட்டும் இல்லாமல், ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் பக்கத்திலும் அதன் விவரக் கோப்பிலும் எழுதுங்கள். ஏனென்றால் கோப்புகள் தனியாகப் பயணம் செய்யும்.

படி 4: கோப்பைக் கணினி படிக்கும்படி தயார் செய்யுங்கள்

இங்கேதான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும். அச்சிடுவதற்காகச் செய்த அட்டவணையும் கணக்குப் போடுவதற்கான கோப்பும் இரண்டு வேறு பொருள்கள். அச்சு அட்டவணையில் மேலே மூன்று வரி தலைப்பு, இணைத்த கட்டங்கள், நடுவில் வெற்று வரி, கீழே நட்சத்திரக் குறிப்பு எல்லாம் கண்ணுக்கு உதவும். கணினிக்கு இவை எல்லாமே தடை.

அடிப்படை விதி: ஒரு வரியில் ஓர் அளவீடு. ஒரு நெடுவரிசையில் ஒரே வகைத் தகவல். உதாரணமாக எழுத்தறிவு என்றால், ஆண்டு, பகுதிக் குறியெண், பகுதிப் பெயர், பாலினம், வயதுப் பிரிவு, அளவு, அலகு, நிலை என்று எட்டு நெடுவரிசை. ‘ஆண்கள் 2019’, ‘பெண்கள் 2019’, ‘ஆண்கள் 2020’ என்று வலதுபக்கம் நீண்டுகொண்டே போகும் அட்டவணையை இப்படி நீளவாக்கில் மாற்றுங்கள். பார்க்கக் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. அடுத்த வருடத் தரவு வரும்போது கீழே சில வரிகள் சேர்த்தால் போதும், பயன்படுத்துபவர் எழுதி வைத்த நிரல் எதுவும் உடையாது.

சிஎஸ்வி வடிவத்தில் (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு), யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (எல்லா மொழி எழுத்துகளையும் சேமிக்கும் முறை) கொடுங்கள். எக்செல் கோப்பைக் கூடுதலாகத் தரலாம், அது மட்டுமே தரக் கூடாது. எழுத்துக் குறியாக்கம் தவறினால் தமிழ் உட்பட லத்தீன் அல்லாத எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும் என்பது நம் மொழிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்களுக்கு நடுவே காற்புள்ளி போடாதீர்கள். சதவீதக் குறியை எண்ணோடு ஒட்டாதீர்கள், அதற்குத்தான் அலகு நெடுவரிசை. தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்.

அப்புறம் பூஜ்யம். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் போதாது என்று நினைக்கிறேன். ‘ஒன்றும் நடக்கவில்லை’, ‘தகவல் கிடைக்கவில்லை’, ‘பொருந்தாது’, ‘தனியுரிமைக்காக மறைத்திருக்கிறோம்’ ஆகிய நான்கும் வேறு வேறு. நான்கையும் வெற்றுக்கட்டமாகவோ சிறு கோடாகவோ விட்டால், யாராவது ஒருவர் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சராசரி போடுவார். ஒரு மாவட்டத்தில் குழந்தை இறப்பே இல்லை என்று செய்தி வரும், உண்மையில் அந்த மாவட்டத்திலிருந்து அறிக்கையே வந்திருக்காது. அளவு நெடுவரிசையை வெறுமையாக விட்டு, பக்கத்தில் ‘நிலை’ என்ற நெடுவரிசையில் காரணத்துக்கு ஒரு குறியெண் போடுங்கள்.

பகுதிகளைப் பெயரால் மட்டும் அடையாளப்படுத்தாதீர்கள். ஒரே ஊர்ப்பெயரை நான்கு விதமாக எழுதுவார்கள். மாறாத குறியெண் ஒன்றைக் கொடுங்கள். நாடுகளுக்கு ஐஎஸ்ஓ 3166 இருக்கிறது, ஐ.நா.வின் எம்49 இருக்கிறது. உள்நாட்டுப் பகுதிகளுக்கு உங்கள் நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியல். குறியெண் ‘007’ என்று தொடங்கினால், எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிட்டு ‘7’ என்று வைத்துவிடும், அதைக் கவனியுங்கள். எல்லைகள் மாறி ஒரு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தக் குறியெண் செல்லும் என்று தனியாக ஒரு கோப்பும் கொடுங்கள். இது இல்லாமல் பத்து வருட ஒப்பீடு யாராலும் செய்ய முடியாது.

எக்செல்லை வேலைத்தொடரின் நடுவில் நம்பியிருப்பதற்கு ஓர் எச்சரிக்கை 2020 அக்டோபரில் இங்கிலாந்திலிருந்து வந்தது. பழைய எக்செல் வடிவத்தில் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. அந்த எல்லையைத் தாண்டிய வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போனதால், 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போயின. அந்த நோயாளிகளோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. உள்ளே போன வரிகள் எத்தனை, வெளியே வந்தவை எத்தனை என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்கும் ஒரு சின்னச் சோதனை இருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். உங்கள் வேலைத்தொடரில் அந்தச் சோதனையை இன்றே சேருங்கள்.

படி 5: எண்ணின் கதையை எண்ணோடு சேர்த்து அனுப்புங்கள்

மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரம், என்றவுடன் தொழில்நுட்பச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையிலும் இதுதான் முக்கியமான படி, ஏனென்றால் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட எண் வெளிவராத எண்ணைவிட அதிகக் கெடுதல் செய்யும்.

சில உண்மை நிகழ்வுகளைப் பாருங்கள். 2010 நவம்பரில் கானா தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அடிப்படை ஆண்டை (எந்த ஆண்டின் விலைகளையும் தொழில்களின் பங்கையும் வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்பதை) மாற்றியது, பொருளாதாரத்தின் அளவு சுமார் 60 சதவீதம் கூடியது. 2014 ஏப்ரலில் நைஜீரியா இதேபோல் மாற்றியபோது சுமார் 89 சதவீதம். ஒரே இரவில் யாரும் பணக்காரர் ஆகிவிடவில்லை, அதுவரை கணக்கில் சரியாக வராத தொழில்கள் கணக்குக்குள் வந்தன. மாற்றத்துக்கு முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் ஒரே கோட்டில் வரைந்தால் அபத்தமான வளர்ச்சி தெரியும். வறுமைக்கோடும் அப்படித்தான். உலக வங்கியின் கடும் வறுமைக்கோடு ஒரு நாளைக்கு 1.90 டாலராக இருந்தது, 2022-ல் 2.15 ஆனது, 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. எந்தக் கோடு, எந்த ஆண்டின் வாங்கும் திறன் விலையில் (நாடுகளுக்கு இடையே உள்ள விலைவாசி வித்தியாசத்தைச் சரிசெய்தது) என்று சொல்லாத வறுமை விகிதத்தை வைத்து ஒன்றுமே செய்ய முடியாது.

குடிநீரில், முந்தைய புத்தாயிர வளர்ச்சி இலக்குகள் காலத்தில் ‘மேம்பட்ட நீராதாரம்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இப்போதைய 6.1.1 குறியீடு, தண்ணீர் வீட்டு வளாகத்திலேயே கிடைக்கிறதா, தேவைப்படும்போது கிடைக்கிறதா, மாசில்லாமல் இருக்கிறதா என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கிறது. வரையறை கடுமையாகும்போது சதவீதம் இறங்கத்தான் செய்யும், சேவை மோசமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வேலைவாய்ப்பிலும் இதே கதை: தொழிலாளர் புள்ளிவிவர வல்லுநர்களின் 19-வது சர்வதேச மாநாடு 2013-ல் வரையறையை மாற்றி, தன் வீட்டு உபயோகத்துக்காக மட்டும் விளைவிப்பதை ‘வேலைவாய்ப்பு’ என்ற பிரிவிலிருந்து தனியாக எடுத்து வைத்தது. சுய தேவைக்காகப் பயிரிடுபவர்கள் அதிகம் உள்ள நாட்டில் இந்த ஒரு மாற்றமே வேலைவாய்ப்பு விகிதத்தை வெகுவாகக் குறைத்துக் காட்டும், அதிலும் பெண்களுடைய விகிதத்தை.

எனவே ஒவ்வொரு தரவுத்தொகுப்போடும் குறைந்தது இவற்றை எழுதுங்கள்:

- வரையறை, எளிய மொழியில். விகிதம் என்றால் மேலே இருக்கும் எண் எது, கீழே இருக்கும் எண் எது.
- மக்கள்தொகை எங்கிருந்து வந்தது. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து கணித்ததா? புதிய கணக்கெடுப்பு வந்ததும் எல்லா விகிதங்களும் மாறும் என்று முன்பே சொல்லுங்கள்.
- தரவு எந்தக் காலத்தைக் குறிக்கிறது, எப்போது வெளியிட்டீர்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம்.
- மாதிரி ஆய்வு என்றால் மாதிரியின் அளவும் பிழை எல்லையும்.
- வரையறையோ முறையோ மாறிய ஆண்டு, ஏன் மாறியது, முன்பின் ஒப்பிடலாமா கூடாதா.
- யார் இடம்பெற்றார்கள், யார் விடுபட்டார்கள். வீடுகளில் எடுக்கும் ஆய்வில் வீடற்றவர்களும் விடுதிகளில் இருப்பவர்களும் பெரும்பாலும் வரமாட்டார்கள்.
- கேள்வி கேட்க ஒரு மின்னஞ்சல் முகவரி, ஆளின் பெயரில் இல்லாமல் பிரிவின் பெயரில்.

கடைசி இரண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யார் விடுபட்டார்கள் என்று சொல்லத் தயங்காதீர்கள், அதைச் சொல்லும் அலுவலகத்தின் மீதுதான் நம்பிக்கை வரும்.

சர்வதேச அமைப்புகளுக்கு அனுப்பும் தரவுக்கு எஸ்டிஎம்எக்ஸ் என்ற தரம் இருக்கிறது. ஐ.நா., உலக வங்கி, ஐஎம்எஃப், ஓஇசிடி உட்பட எட்டு அமைப்புகள் சேர்ந்து ஆதரிப்பது. முதல் நாளே அதற்குள் குதிக்க வேண்டாம். மேலே சொன்ன நீளவாக்குக் கோப்பும் குறியெண் பட்டியல்களும் ஒழுங்காக இருந்தால், பின்னால் அதற்கு மாறுவது எளிது.

படி 6: பிரித்துக் கொடுங்கள், ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்காதீர்கள்

தேசியச் சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு பகுதி மக்கள் பின்தங்கிக் கிடக்கலாம். அதனால்தான் 17.18 உள் இலக்கு வருமானம், பாலினம், வயது, இனம், இனக்குழு, புலம்பெயர்ந்த நிலை, மாற்றுத்திறன், வாழும் இடம் என்று வரிசையாகச் சொல்லித் தரவைப் பிரித்துக் கேட்கிறது. மாற்றுத்திறனுக்கு நீங்களாகக் கேள்வி தயாரிக்க வேண்டாம். வாஷிங்டன் குழு என்று அழைக்கப்படும் ஐ.நா. குழுவின் ஆறு கேள்விகள் இருக்கின்றன: பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவும் கவனமும், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, மற்றவரோடு தொடர்புகொள்வது. எவ்வளவு சிரமம் என்று கேட்கும் கேள்விகள் அவை. ‘நீங்கள் ஊனமுற்றவரா?’ என்று நேராகக் கேட்டால் பலர் இல்லை என்றே சொல்லிவிடுவார்கள்.

பிரிப்பதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று கணிதம். எளிய சமவாய்ப்பு மாதிரியில் 400 பேரிடம் கேட்ட சதவீதத்துக்கே பிழை எல்லை ஏறக்குறைய 5 புள்ளி மேலும் கீழும் இருக்கும், 100 பேர் என்றால் 10 புள்ளி. கொத்துக்கொத்தாக வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகளில் இன்னும் அதிகம். எனவே ஒரு சின்னப் பகுதிக்கு 43 சதவீதம், பக்கத்துப் பகுதிக்கு 47 சதவீதம் என்று வந்தால் அதில் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம். ஒரு குறைந்தபட்ச மாதிரி எண்ணிக்கையை முன்பே தீர்மானித்து, அதற்குக் கீழே போனால் வெளியிடாதீர்கள், அல்லது எச்சரிக்கைக் குறியோடு வெளியிடுங்கள். ஆய்வுத் தரவையும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் இணைத்துச் சிறுபகுதி மதிப்பீடு செய்யும் முறைகள் இருக்கின்றன. அவற்றுக்குத் தேர்ந்த புள்ளியியலாளர் வேண்டும்.

இன்னொன்று தனியுரிமை. அடிப்படைக் கோட்பாடுகளில் ஆறாவது, தனிநபர் தரவு கண்டிப்பாக இரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்பது ஆபத்து. அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் இந்த மூன்றை மட்டும் வைத்தே அமெரிக்க மக்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று, 1990 கணக்கெடுப்பை வைத்துக் கணினி அறிவியலாளர் லட்டான்யா ஸ்வீனி காட்டினார். தொகுத்த அட்டவணையிலும் கசிவு வரும். ஒரு பகுதியில் ஒரு நோய்க்கு மொத்தம் 40 பேர், ஆண்கள் 37, பெண்கள் எண்ணிக்கை மறைக்கப்பட்டது என்று போட்டால், கழித்துப் பார்க்க யாருக்கும் கால்குலேட்டர்கூட வேண்டாம். ஒரு கட்டத்தை மறைத்தால் அதைக் கண்டுபிடிக்க உதவும் இன்னொரு கட்டத்தையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே தரவிலிருந்து வெவ்வேறு துறைகள் வெவ்வேறு அட்டவணை வெளியிட்டால், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழிக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

வீடுவாரியான மூலத்தரவை மூன்று மட்டமாகப் பிரித்துக்கொள்ளலாம்: நன்றாக அடையாளம் நீக்கிய சிறு மாதிரி எல்லோருக்கும், அதிக விவரம் உள்ளது ஒப்பந்தம் போட்ட ஆய்வாளர்களுக்கு, மிக நுணுக்கமானது அலுவலகத்தின் பாதுகாப்பான அறைக்குள் மட்டும். அடையாள அபாயத்தை அளக்க ஆர் என்ற நிரல் மொழியில் எஸ்டிசிமைக்ரோ என்ற இலவசக் கருவி இருக்கிறது. இந்தப் படியை அவசரமாகச் செய்யாதீர்கள். கோப்பு ஒருமுறை வெளியே போய்விட்டால் திரும்ப அழைக்க வழியே கிடையாது.

படி 7: தேதியை முன்பே அறிவியுங்கள்

அடுத்த ஒரு வருடத்துக்கு எந்தத் தரவு எந்த நாளில் எத்தனை மணிக்கு வரும் என்று ஒரு நாட்காட்டி போட்டு, அதன்படி நடந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில். தேர்தல் நெருங்குகிறது, எண் நன்றாக இல்லை, தள்ளிப்போடலாம் என்று அழுத்தம் வரும்போது, முன்பே அச்சாகிவிட்ட அந்தத் தேதிதான் உங்களுக்குப் பாதுகாப்பு. தள்ளிப்போக வேண்டியதாகிவிட்டால் காரணத்தையும் புதிய தேதியையும் அன்றே வெளியிடுங்கள்.

திருத்தத்துக்கும் இதே ஒழுங்கு. முதற்கட்ட எண், திருத்திய எண், இறுதி எண் என்று நிலையைக் குறியுங்கள். பழைய பதிப்பை அழிக்காதீர்கள், ஏனென்றால் போன வருடம் அதை வைத்து ஆய்வு எழுதியவர் தன் கணக்கைச் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

படி 8: இப்போது போர்டலைப் பற்றி யோசியுங்கள்

எட்டாவது படியாக இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. நல்ல கோப்பு சாதாரண வெப் பக்கத்திலும் பயன்படும், மோசமான கோப்பு எவ்வளவு விலையுயர்ந்த போர்டலிலும் பயன்படாது. பணம் குறைவு என்றால் நீடித்த வளர்ச்சிக் குறியீடுகளுக்கென்றே ஓபன் எஸ்டிஜி என்ற இலவச, திறமூலத் தளம் இருக்கிறது, பொதுவான தரவுக்குச் சிகேன் இருக்கிறது, பெரிய அலுவலகங்களுக்கு டாட் ஸ்டாட் இருக்கிறது. எதை எடுத்தாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்: பதிவு செய்யாமல், கடவுச்சொல் இல்லாமல் டவுன்லோட் செய்ய முடிய வேண்டும். ஒவ்வோர் அட்டவணையாகச் சொடுக்காமல் முழுத் தொகுப்பையும் ஒரே கோப்பாக எடுக்க முடிய வேண்டும். லிங்க் மாறக் கூடாது. வேகம் குறைந்த இணைப்பிலும், சாதாரண போனிலும் பக்கம் திறக்க வேண்டும். ஏபிஐ, அதாவது நிரல் வழியாகத் தரவைக் கேட்டு வாங்கும் வசதி, இருந்தால் நல்லது, முழுக்கோப்பு டவுன்லோடுக்கு அது மாற்று இல்லை.

பராமரிப்பை இப்போதே யோசியுங்கள். நன்கொடைத் திட்டத்தில் கட்டிய போர்டல், திட்டம் முடிந்த மறுவருடம் உறைந்து நிற்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். அலுவலகத்தின் வழக்கமான ஆட்களால், வழக்கமான செலவில் ஓட்ட முடிகிற அளவுக்கு எளிமையாகவே கட்டுங்கள்.

படி 9: எடுத்துப் பயன்படுத்துகிறார்களா என்று பின்தொடருங்கள்

ஒவ்வொரு வெளியீட்டோடும் ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள், மக்கள் பேசும் மொழியில். மூன்று முக்கிய எண்கள், அவை எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை. செய்தியாளர்களுக்கும் உள்ளாட்சிப் பணியாளர்களுக்கும் அரைநாள் பயிற்சி வைத்து, அவர்களுடைய பகுதியின் எண்ணையே கோப்பிலிருந்து எடுத்துப் பார்க்க வையுங்கள். படி 1-ல் சந்தித்தவர்களிடம் திரும்பப் போய், நின்றுபோன வேலை நடந்ததா என்று கேளுங்கள். டவுன்லோட் எண்ணிக்கையை மட்டும் வைத்துத் திருப்தி அடைய வேண்டாம், அதில் பெரும்பகுதி தேடுபொறிகளின் தானியங்கிகளாகவே இருக்கலாம்.

உங்களை நீங்களே மதிப்பிட, ஓபன் டேட்டா வாட்ச் அமைப்பின் ஓடின் என்ற மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். தரவு எவ்வளவு இருக்கிறது என்பதையும் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் தனித்தனியாக அளக்கிறது. திறந்த தன்மைக்குக் கணினியால் படிக்க முடிகிறதா, எந்த மென்பொருளையும் கட்டாயப்படுத்தாத வடிவமா, டவுன்லோட் வசதி எப்படி, மெட்டாடேட்டா இருக்கிறதா, பயன்பாட்டு நிபந்தனை என்ன என்று ஐந்தைப் பார்க்கிறார்கள். நம் படிகளை ஒழுங்காகச் செய்திருந்தால் இந்த ஐந்தும் தானாகவே வந்திருக்கும்.

வெளியிட்ட எண்ணில் தவறு என்று யாராவது எழுதினால், இரண்டு மூன்று வேலைநாளுக்குள் கிடைத்தது என்றாவது பதில் போடுங்கள். தவறு உண்மை என்றால் கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றிவிடாதீர்கள். பதிப்பு எண்ணைக் கூட்டி, எந்த வரியில் எது எதுவாக மாறியது, எந்தத் தேதியில், யாரையெல்லாம் பாதிக்கும் என்று தரவுத்தொகுப்பின் பக்கத்திலேயே, மேலே, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் எழுதுங்கள்.